பிளாஸ்மா கொடுத்து வாடகை கட்டுவது எப்படி?

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு வந்து, முதல் செமஸ்டர் ஃபீஸைக் கட்டிவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று வங்கி ஆப்பைத் திறந்து பார்த்து மூச்சடைத்துப் போன தம்பி தங்கைகளுக்காக எழுதப்படும் வழிகாட்டி இது. ஊரில் அப்பா கையெழுத்துப் போட்ட கல்விக் கடனுக்கு வட்டி ஓட ஆரம்பித்திருக்கும். கேம்பஸ் நூலகத்தில் வேலை கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வந்திருக்காது. அந்த நேரம் பார்த்து பஸ் நிறுத்தத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் படும். புதிதாகப் பிளாஸ்மா கொடுக்க வருபவர்கள் முதல் மாதத்திலேயே 700 டாலர் வரை சம்பாதிக்கலாம் என்று போட்டிருக்கும். பக்கத்தில் முழங்கையில் கட்டோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் சிரிப்பது உங்களைப் பார்த்துத்தான்.

சரக்கு என்ன என்று தெரியாமல் வியாபாரத்தில் இறங்கக் கூடாது. ரத்தத்திலிருந்து அணுக்களையெல்லாம் பிரித்துவிட்டால் மிஞ்சுகிற மஞ்சள் திரவம் பிளாஸ்மா. பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர். மிச்சமுள்ள ஒரு பங்கில்தான் காசு இருக்கிறது. ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், ரத்தம் உறைய உதவும் காரணிகள் எல்லாம் அதில் அடக்கம். இவற்றை ஆல்கஹாலால் தனித்தனியே பிரித்தெடுக்கும் முறையை 1940களில் ஹார்வர்டில் எட்வின் கோன் உருவாக்கினார். இன்றைய தொழிற்சாலைகளும் அதன் வழிவந்த முறைகளைத்தான் கையாளுகின்றன. உலகம் முழுக்க மருந்துக்காகச் சேரும் பிளாஸ்மாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவில் படுத்திருப்பவர்களின் கைகளிலிருந்து வருகிறது. வாங்கும் பெரிய நிறுவனங்களில் சிஎஸ்எல் ஆஸ்திரேலியாவுடையது, கிரிஃபோல்ஸ் ஸ்பெயினுடையது, பயோலைஃப் ஜப்பானின் டகேடாவுடையது. ஆஸ்திரேலியாவிலும் ஸ்பெயினிலும் ஜப்பானிலும் பிளாஸ்மாவுக்குக் காசு கொடுப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் அவர்கள் டெக்சஸ் வரை வந்து உங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

நீங்கள் வந்த ஊரிலும் கொடுப்பதில்லை. கல்லூரி முகாமிலோ அபிமான நடிகரின் பிறந்தநாளிலோ ரத்தம் கொடுத்திருந்தால் ஒரு பாக்கெட் பிஸ்கட், ஒரு மாம்பழ ஜூஸ், ஒரு சான்றிதழ் கிடைத்திருக்கும். இந்தியாவில் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் ஒரு காலத்தில் ரத்த வங்கிகளின் வாசலிலேயே நின்றார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் அந்தத் தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆகவே இது ஊரில் கற்க முடியாத கலை. பயிற்சியெல்லாம் இங்கே வந்துதான்.

இந்தத் தொழிலுக்கு வேண்டிய தகுதியைச் சுருக்கமாகச் சொன்னால், சரியான அளவுக்கு ஏழையாக இருக்க வேண்டும். ஐம்பது டாலருக்காக அரை நாளை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு முடை இருக்க வேண்டும். அதே சமயம் முட்டையும் பருப்பும் தினமும் வாங்கிச் சாப்பிடும் அளவுக்கு வசதியும் இருக்க வேண்டும். நிலையான முகவரி வேண்டும், அதுவும் பிளாஸ்மா எடுக்கும் சென்டருக்கு அக்கம்பக்கத்தில். அதற்குக் காகித ஆதாரமும் வேண்டும். தெருவில் படுப்பவர்களையும் காரில் தூங்குபவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலே, கிரெடிட் கார்டு வரம்புக்குச் சற்று கீழே ஒரு குறுகலான சந்து இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களில் ஒரு பெருங்கூட்டம் அந்தச் சந்தில்தான் குடியிருக்கிறது. சென்டர்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கல்லூரி ஊர்களில் சென்டர் திறப்பதற்கு அவர்கள் ஜோசியம் பார்ப்பதில்லை.

முகவரி ஆதாரம் என்றதும் நம்மவர்களுக்குத் தலை சுற்றும். இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்டில் ஆறு பேர். குத்தகைப் பத்திரம் போன வருடம் பட்டம் வாங்கிப் போன சீனியர் பெயரில், கரண்ட் பில் ஹாலில் படுப்பவன் பெயரில், இன்டர்நெட் யார் பெயரில் என்று யாருக்கும் தெரியாது. முதல் வேலையாக ஏதாவது ஒரு பில்லை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரூம்மேட்டுகள் இதைத் தியாகம் என்று நினைத்துக் கொண்டாடுவார்கள்.

அடுத்த கதவு சோஷியல் செக்யூரிட்டி நம்பர். பெரும்பாலான சென்டர்கள் அதைக் கேட்கும். எஃப்-1 விசாவில் வந்த மாணவருக்கு அந்த நம்பர் சும்மா கிடைக்காது. கேம்பஸில் வேலை கிடைத்ததற்கான கடிதமோ, வேறு வகை வேலை அனுமதியோ இருந்தால்தான் கொடுப்பார்கள். ஆக, வேலை கிடைக்காததால் பிளாஸ்மா கொடுக்கப் போனால், பிளாஸ்மா கொடுக்க முதலில் வேலை வேண்டும். இதை வடிவேலு காமெடி என்று எண்ணிச் சிரித்துவிட்டு அடுத்த கவுண்டருக்குப் போகலாம். வேலையும் நம்பரும் கிடைத்தவர்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது. கேம்பஸுக்கு வெளியே அனுமதியில்லாமல் வேலை செய்தால் எஃப்-1 விசாவுக்கே ஆபத்து. கையை நீட்டிக் காசு வாங்குவது வேலையில் சேருமா?

இது நான் கிளப்பும் வீண் சந்தேகமில்லை. மெக்சிகோ எல்லையோர ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் விசிட்டர் விசாவில் டெக்சஸுக்குள் வந்து பிளாஸ்மா கொடுத்துவிட்டுத் திரும்புவது பல வருடப் பழக்கம். 2021 ஜூனில் அமெரிக்க எல்லைக் காவல் துறை இது கூலி வேலை, விசிட்டர் விசாவில் செல்லாது என்று சொல்லித் தடுத்தது. வரத்து குறைந்த நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2022 செப்டம்பரில் வாஷிங்டன் ஃபெடரல் நீதிமன்றம் அந்தத் தடையை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. அசையாமல் படுத்திருப்பது வேலையா இல்லையா என்று இரண்டு நாட்டு எல்லையில் இவ்வளவு பெரிய சண்டை. அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கே சம்பளம் தரும் அலுவலகங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. உங்கள் சந்தேகத்தைச் சென்டர் ஊழியரிடம் கேட்காதீர்கள். அவருக்கு உங்கள் நரம்பு தெரியும், விசா தெரியாது. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். குடியேற்ற வழக்கறிஞரிடமும் போகலாம். அவருடைய ஃபீஸைத் தேற்ற எத்தனை முறை ஊசி குத்திக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

இனி உடம்பு. எடை குறைந்தது 110 பவுண்டு, நம் கணக்கில் ஐம்பது கிலோ. ஹாஸ்டல் மெஸ்ஸில் நான்கு வருடம் சாப்பிட்டு வந்தவர்கள் பலருக்கு இதுதான் முதல் தடங்கல். பாக்கெட்டில் சில்லறை, கணுக்காலில் எடைப்பட்டை, வயிறு முட்டத் தண்ணீர் என்று பல உத்திகள் புழக்கத்தில் உண்டு. அவை எதையும் இந்த வழிகாட்டி சிபாரிசு செய்யாது. காரணம் நேர்மையல்ல, கணக்கு. எவ்வளவு எடுப்பது என்பதை எடையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 1992இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் போட்ட அட்டவணைப்படி 110 முதல் 149 பவுண்டு வரை ஒரு அளவு, 174 வரை இன்னொரு அளவு, 175க்கு மேல் உச்ச அளவு. முதல் படிக்கு 625 மில்லி பிளாஸ்மா, கடைசிப் படிக்கு 800. எடையில் பொய் சொன்னால், இல்லாத உடம்பிலிருந்து எடுப்பார்கள். மயங்கி விழுவது இருக்கிற உடம்புதான்.

சாப்பாடு விஷயத்தில் அம்மா சொன்னதெல்லாம் இங்கே பலிக்கும். ஒவ்வொரு முறையும் விரல் நுனியில் குத்தி ரத்தத்தில் மொத்தப் புரதத்தையும் சிவப்பணுவின் விகிதத்தையும் பார்ப்பார்கள். புரதம் ஒரு டெசிலிட்டருக்கு 6 கிராமுக்குக் கீழே போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரசம் சாதமும் ஊறுகாயும் உண்டு வாழும் பட்டதாரிகள் இங்கேதான் பிடிபடுகிறார்கள். சுண்டல், பாசிப்பயறு, முட்டை, பனீர், தயிர், கீரை, பேரீச்சை எல்லாம் வேண்டும். செலவாகுமே என்றால் ஆகத்தான் செய்யும். விற்கிற புரதத்தை வாங்கிச் சாப்பிட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். முதல் நாள் இரவு பிரியாணி மட்டும் வேண்டாம். கொழுப்பு அதிகமானால் பிளாஸ்மா பால்போல் கலங்கிப் பையில் இறங்கும், அதைத் தள்ளிவிடுவார்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். குடிக்காதவர்களின் நரம்பைத் தேடி ஊழியர் கையைத் தட்டித் தட்டிப் பார்க்கும் நேரம் சுகமானதில்லை.

முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனை, சிறுநீர் பரிசோதனை, எச்ஐவிக்கும் ஹெபடைட்டிஸுக்கும் ரத்த மாதிரி. அப்புறம் திரையில் கேள்வி மேல் கேள்வி. சமீபத்தில் பச்சை குத்திக்கொண்டீர்களா, காது மூக்கு குத்தினீர்களா, 72 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து சிறையில் இருந்தீர்களா, உங்கள் படுக்கையறையில் யார் யார். அடுத்த முறை போனாலும் இவை அனைத்தையும் மறுபடி கேட்பார்கள். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு நோண்டியதில்லை. பதில்களில் விளையாடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் தொற்று உறுதியானவர்கள் பெயர் நாடு தழுவிய தடைப் பட்டியலில் ஏறும், எந்தச் சென்டரும் திரும்பச் சேர்க்காது. காலையில் ஒரு சென்டர், மாலையில் எதிர்த்தெரு சென்டர் என்ற திட்டமும் நடக்காது. ஒருவர் எங்கே எப்போது கொடுத்தார் என்பதைச் சென்டர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு உண்டு.

பிறகு கட்டில். ஊசி வழக்கமான ஊசியைவிடத் தடி. கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், அங்கே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து எடுத்துக்கொண்டு சிவப்பணுக்களைத் திருப்பி உங்களுக்குள் அனுப்பும். இப்படிப் பல சுற்று. ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் கலப்பதால், திரும்பி வரும்போது உதடு மரத்துப் போகும், நாக்கில் தகரச் சுவை தட்டும். அப்படியானால் வாயைத் திறந்து சொல்லுங்கள், கால்சியம் மாத்திரை தருவார்கள், இயந்திரத்தின் வேகத்தைக் குறைப்பார்கள். நம் பையன்களுக்கு ஊழியரைத் தொந்தரவு செய்யக் கூச்சம். அந்தக் கூச்சத்தோடு தலைசுற்றிக் கீழே விழுந்தவர்களை எல்லாச் சென்டர்களும் பார்த்திருக்கின்றன. கடைசியில் உப்புக் கரைசல் ஏற்றும்போது உடம்பு முழுக்கச் சில்லென்று குளிரும், அதனால் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். முழுக்கைச் சட்டை வீட்டுக்குத் திரும்பிய பிறகும் உதவும். வாட்ஸ்அப் வீடியோவில் அம்மா முதலில் பார்ப்பது முழங்கை மடிப்பைத்தான். அடிக்கடி குத்துபவர்களுக்கு அங்கே தழும்பு விழுந்துவிடும்.

இயந்திரம் பாதியில் மக்கர் செய்தால்? சிவப்பணு கணிசமாகத் திரும்பி வராமல் போய்விட்டால் எட்டு வாரம் கொடுக்கக் கூடாது என்பது விதி. வாடகையை இதை நம்பிப் போட்டவர்கள் அந்த எட்டு வாரத்தில் என்ன செய்வார்கள் என்று விதியில் எழுதவில்லை.

காசு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூளையெல்லாம் அங்கேதான் செலவழிக்கப்பட்டிருக்கிறது. பணம் நோட்டாகக் கிடைக்காது, டெபிட் கார்டில் ஏறும். ஏடிஎம்மில் எடுத்தால் அதற்கொரு கட்டணம் போகலாம். வாரத்தின் முதல் முறைக்குக் குறைவு, இரண்டாம் முறைக்கு அதிகம் என்பது பரவலான வழக்கம். ஒரே முறையோடு நிறுத்திவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. புதியவருக்கான கொழுத்த போனஸுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. முதன்முறை எடுத்த பிளாஸ்மாவை அப்படியே மருந்தாக்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்குள் நீங்கள் மறுபடி வந்து பரிசோதனையில் தேறினால்தான் அது பயன்படும். ஒருமுறை வந்துவிட்டுக் காணாமல் போகிறவரால் அவர்களுக்கு நஷ்டம். ஆகவே முதல் மாதம் மாப்பிள்ளை உபசாரம், அதன்பின் விலை மளமளவென்று இறங்கும். நண்பனை அழைத்து வந்தால் தனி போனஸ். சில மாதம் வராமலிருந்தால் ‘உங்களைக் காணோமே’ என்று கூப்பன் வரும். பரீட்சை வாரத்தில் உங்களை விசாரித்து வரும் ஒரே செய்தி அதுவாக இருக்கலாம்.

அமெரிக்க விதி வாரத்துக்கு இரண்டு முறை வரை அனுமதிக்கிறது, நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளியோடு. வருடத்துக்கு 104 முறை வரும். ஜெர்மனியிலும் இதற்குப் பணம் உண்டு, ஆனால் வருடத்துக்கு 60 முறையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் 104 முறையும் தவறாமல் கொடுத்தால் வருடத்துக்கு 65 லிட்டர். தன் எடையைவிட அதிகமான திரவத்தை வெளியே அனுப்பியிருப்பார். முறைக்கு ஐம்பது டாலர் என்று வைத்தால் 5,200 டாலர், ஒரு செமஸ்டர் கட்டணத்துக்கே போதாத ஊர்கள் பல. இடைவிடாமல் கொடுப்பவர்களுக்கு நோய் எதிர்ப்புக்கான இம்யூனோகுளோபுலின் அளவு இறங்கும், களைப்பு வரும். என் கருத்தைக் கேட்டால், இந்த விஷயத்தில் ஜெர்மன்காரர்கள் சொல்வதுதான் சரி. வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் எந்த மாணவரும் போக வேண்டியதில்லை. இரண்டாம் முறைக்கான கூடுதல் டாலர் உங்கள் உடம்பை யோசித்து நிர்ணயித்ததல்ல.

விலை ஏறும் பருவங்களைக் கவனிப்பது வியாபாரிக்கு அழகு என்று சொல்லும் நண்பர்களுக்கு ஐடஹோ மாநிலத்தின் ரெக்ஸ்பர்க் கதையைச் சொல்ல வேண்டும். 2020இல் கோவிட் எதிர்ப்பணு உள்ள பிளாஸ்மாவுக்குச் சென்டர்கள் கூடுதல் விலை கொடுத்தன. அந்த அக்டோபரில், அங்குள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகக் கிளை மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. சிலர் அந்த விலைக்காக வேண்டுமென்றே தொற்றை வரவழைத்துக்கொள்வதாகக் கேள்விப்படுகிறோம், பிடிபட்டால் சஸ்பெண்ட் என்றது. யாரும் அப்படிச் செய்ததாக நிரூபணமாகவில்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களைப் பற்றி அதை நம்பத் தயாராக இருந்தது. பரீட்சைக் கட்டணத்துக்காக வைரஸ் வாங்கப் போகாதீர்கள். கடன் வாங்குங்கள். கடன் என்றதும் நினைவுக்கு வருகிறது. பிளாஸ்மா சென்டர் திறந்த பகுதிகளில் இளைஞர்கள் கொள்ளை வட்டிக்குச் சம்பள முன்கடன் வாங்குவது குறைந்ததாக அமெரிக்கப் பொருளாதார ஆய்வு ஒன்று கண்டிருக்கிறது. கந்துவட்டியைவிட ஊசி மேல் என்று அந்த இளைஞர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

கட்டிலில் படுத்திருக்கும்போது சுவரில் ஒட்டியிருக்கும் நோயாளிகளின் படங்களைக் கிண்டலாகப் பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் உண்மை. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒருவருக்கு ஒரு வருட மருந்து தயாரிக்க ஏறக்குறைய 130 பேர் கொடுக்கும் அளவு பிளாஸ்மா தேவை. ஹீமோபிலியா நோயாளிக்கு ஏறக்குறைய 1,200. பையில் இறங்கும் மஞ்சள் திரவம் உறைந்து, கலந்து, பிரிந்து மருந்துக் குப்பியாக வெளியே வர ஏழு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். உங்கள் வாடகைப் பிரச்சினை தீர்ந்தாலும் தீராவிட்டாலும் எங்கோ ஒரு குழந்தைக்கு அது ஏறும். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 1954 முதல் 2018 வரை 1,173 முறை கொடுத்தார், ஒரு காசு வாங்காமல். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தார். உங்களுக்கு அந்த வசதி வரும்போது நீங்களும் இலவசமாகக் கொடுக்கலாம்.

கடைசியாக வருமான வரி. இங்கே எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். பிளாஸ்மாவுக்கு வாங்கும் பணம் அமெரிக்கச் சட்டப்படி வருமானம். 1980இல் வரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில், அரிய வகை ரத்தம் கொண்ட ஃபுளோரிடாப் பெண் ஒருவர் பிளாஸ்மா விற்பதைத் தொழிலாகவே செய்துவந்தார். அதற்காகச் சாப்பிட்ட சத்துணவுச் செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள நீதிமன்றம் சம்மதித்தது. சென்டருக்குப் போய்வந்த பயணச் செலவையும் ஒப்புக்கொண்டது. சரக்கு சந்தைக்குப் போகும் பாத்திரமே அவர் உடம்புதான், பாத்திரத்தை மட்டும் அனுப்பிவைக்க முடியாதல்லவா என்பது நீதிமன்றத்தின் வாதம். ஆனால் ரத்தத்தில் தாதுச்சத்து குறைந்துபோனதற்குச் சுரங்கங்களுக்குத் தருவதுபோல் தேய்மானக் கழிவு வேண்டும் என்று அவர் கேட்டதை மறுத்துவிட்டது. அவர் அதைத் தொழிலாக நடத்தியதால்தான் சத்துணவுக் கழிவும் கிடைத்தது. நீங்கள் தொழில் என்று எழுதினால் வரி அலுவலகம் மகிழும், விசா அலுவலகம் விழித்துக்கொள்ளும். படிவம் நிரப்பும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். கடைசித் தேதி ஏப்ரல் 15.